இல்லாத முன்ஜாமீனுக்காக ஒளிந்திருந்தவள்

போன வாரம் இளம் வழக்கறிஞர்களான உங்களில் ஒருவர் என்னைத் தொலைபேசியில் அழைத்து, "மேடம், கட்சிக்காரரு முன்ஜாமீன் வேணும்னு நிக்கிறாரு, எப்படி மேடம் அப்ளை பண்றது?" என்று கேட்டார். நான் கத்திவிட்டேன். அதற்கு மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. சட்டம் படித்து, கறுப்புக் கோட்டும் மாட்டிக்கொண்ட பிறகு கேட்கிற கேள்வியா அது? ஆனால் ஏன் கத்தினேன் என்று சொல்லவேண்டிய கடமை எனக்கு உண்டு. வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிறேன், நேரமும் இருக்கிறது. சொல்கிறேன், கேளுங்கள்.

கைது செய்வதற்கு முன்னாலேயே நீதிமன்றத்தில் ஜாமீன் வாங்கி வைத்துக்கொள்வது இந்தியாவில் உண்டு. நம் மலேசியாவில் இல்லை. இங்கே போலீஸ் பிடித்தால் மாஜிஸ்திரேட் முன்னால் கொண்டுபோய் நிறுத்துவார்கள். விசாரணைக்கு எத்தனை நாள் உள்ளே வைக்கலாம் என்று அவர் சொல்வார். பிறகு போலீஸே ஜாமீனில் விடலாம், அல்லது குற்றம் சாட்டப்பட்டதும் நீதிமன்றம் விடலாம். அவ்வளவுதான். ஆனால் நம் தோட்டத்து லயத்து வீடுகளில் மலேசியச் சட்டம் ஓடுவதில்லை, தமிழ்த் தொடர்தான் ஓடுகிறது. தொடரில் வில்லன் மாமனார் ஒரு விளம்பர இடைவேளைக்குள் முன்ஜாமீன் வாங்கிவிடுகிறார். அதைப் பார்த்துவிட்டு நம் ஆட்கள் கைகலப்பு நடந்த மறுநிமிடம் சம்பந்தப்பட்டவரை எங்கேயாவது ஒளித்து வைத்துவிட்டு, "முன்ஜாமீன் எடுத்துக் குடுங்க" என்று வந்து நிற்பார்கள். நான் தானா ராத்தா ஊரில் தொழில் செய்த காலம் முழுக்க இந்தக் கூத்தைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் அறியாமை, அதை மன்னித்துவிடலாம். மன்னிக்க முடியாத ஒன்றைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்களுக்கு முன்பு நடந்தது. ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

ஒரு காலைப்பொழுதில் என் அலுவலகத்துக்கு ஒருவர் வந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய திருநீறு. தேயிலைத் தோட்டமொன்றின் கோயில் தலைவர். எல்லாரும் அவரைத் தலைவர் என்றே கூப்பிடுவார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். உட்காரும்போதே கையெடுத்துக் கும்பிட்டார்.

"லாயரம்மா, எங்க அண்ணன் மருமக ஒன்னு, வசந்தின்னு பேரு. புருசன் இல்லாத பொண்ணு. கோவத்துல கொழுந்து வெட்டுற கத்திரிய வீசிடுச்சி. மச்சாண்டார் கையில பட்டு தையல் போட்டிருக்கு. அவன் போலீசுல ரிப்போட் குடுத்துட்டான். ரெண்டு பக்கமும் எனக்குப் புள்ளைங்கதான். ஒரு முன்ஜாமீன் எடுத்துக் குடுங்கலா."

"அப்படி ஒன்னு நம்ம நாட்டுல இல்ல, தலைவரே. பொண்ணு எங்க இருக்கு?"

"பத்திரமா இருக்கு."

"பத்திரமா இருந்தா கூட்டியாங்க. நானே போலீசு பாலாய்க்குக் கூட்டிட்டுப் போறேன். இன்னிக்கே வந்தா நல்லது. தானா வந்து நிக்கிறவங்களுக்கும் தேடிப் பிடிக்கிறவங்களுக்கும் போலீசு வித்தியாசம் பாப்பாங்க."

அவர் தலையை ஆட்டினார். நான் சொல்வது நியாயம் என்றார். நாளைக்கே கூட்டி வருவதாகச் சொல்லிவிட்டு இன்னொரு கும்பிடும் போட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் வரவில்லை. அழைத்தேன். "குடும்பத்துல சமாதானம் பேசிக்கிட்டு இருக்கோம், லாயரம்மா" என்றார். வீட்டுச் சண்டை வீட்டுக்குள்ளேயே தீர்ந்தால் நல்லதுதானே என்று நான் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். வசந்தியை நான் பார்த்ததுகூடக் கிடையாது. அவளிடம் ஒரு வார்த்தை பேசாமல் நான் அவளுடைய வழக்கறிஞர் ஆக முடியாது.

சில நாட்கள் கழித்து ஒரு பெண் படியேறி மூச்சு வாங்க வந்தாள். வசந்தியின் தங்கை ராணி. பிரிஞ்சாங்கில் பாய் ஒருவருடைய சாப்பாட்டுக் கடையில் வேலை. மதியக் கூட்டம் ஓய்ந்ததும் கடை ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தாள்.

"லாயரம்மா, அக்காவோட முன்ஜாமீன் எப்ப வரும்?"

"எந்த முன்ஜாமீன்?"

"நீங்க கோலாலம்பூர் கோர்ட்டுல போட்டிருக்கீங்கன்னு சின்ன மாமா, அதான் கோயில் தலைவரு, சொன்னாரே. அது கையில கெடைக்கிற வரைக்கும் அக்கா வெளிய தலை காட்டக் கூடாதுன்னு நீங்கதான் சொன்னீங்களாம்."

எனக்கு உச்சந்தலையில் சூடேறியது. எத்தனையோ பேர் எத்தனையோ பொய் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆனால் நான் சொன்னதற்கு நேர் எதிரானதை என் பெயரிலேயே சொல்லி, ஒரு பெண்ணை எங்கேயோ அடைத்து வைத்திருக்கிறார் அந்த மனிதர். அதுவும் திருநீறு பூசிக்கொண்டு!

"உங்க அக்கா எங்கன்னு தெரியுமா?"

"கோலா தெர்லாவுல ஒரு சாயோர் கெபுன்ல. சின்ன மாமாவ விட்டா எனக்கு மட்டும்தான் எடம் தெரியும்."

"கார்ல ஏறு" என்றேன்.

வடக்குச் சாலையில் காய்கறி லோரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து கோலா தெர்லா போய்ச் சேர்ந்தோம். காய்கறித் தோட்டத்தின் பிளாஸ்டிக் கூரைகளுக்குப் பின்னால், உர மூட்டைகள் அடுக்கிய ஒரு தகரக் குடிசையில் வசந்தி இருந்தாள். நாற்பது வயதிருக்கும். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். இடது கையைத் தூக்க முடியவில்லை.

நான் முதலில் அவளை உட்கார வைத்துக் கையைப் பார்த்தேன். மேல்கையில் ஐந்து விரலும் பதிந்த தடம். காதுக்கு மேலே ஒரு கொத்து முடி பிடுங்கப்பட்டு மண்டை தெரிந்தது. முழங்கால் சிராய்த்திருந்தது. கையில் கருநீலமாக இருந்திருக்க வேண்டியது மஞ்சளாக மாறிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தால் எல்லாம் ஆறியிருக்கும். அவள் அடி வாங்கியதற்கு உலகத்தில் எந்த அடையாளமும் இருந்திருக்காது. மச்சாண்டார் கையில் போட்ட தையல் மட்டும் மருத்துவமனையில் பத்திரமாகப் பதிவாகியிருக்கும்.

"என்னாம்மா நடந்துச்சி? ஒன்னையும் மறைக்காம சொல்லு."

"மச்சாண்டார் ரிட்டயர் ஆயிட்டாரு, லாயரம்மா. அவங்க வீட்ட கம்பெனி திரும்ப வாங்கிக்கிச்சி. என் எடத்துல அவரு மகனுக்கு வேலை போட்டுக் குடுத்தா நான் இருக்குற வீட்ட அவங்களுக்குக் குடுத்துடுவாங்களாம். என்னைத் தங்கச்சி ரூமுக்குப் போன்னாரு. மாட்டேன்னேன். அன்னிக்கி வேலை முடிஞ்சி வர்றேன், அடுப்பெல்லாம் வாசல்ல கெடக்கு. உள்ள போகப் போனேன், முடியப் புடிச்சி இழுத்துப் போட்டாரு. கையில கத்திரி இருந்துச்சி. வீசுனேன். வீசலன்னு சொல்ல மாட்டேன்."

தோட்டத்து வீடுகளைப் பற்றி டவுனில் பிறந்த உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். அந்த வீடு அவளுடையது அல்ல. வேலையில் இருக்கும்வரை கம்பெனி கொடுத்திருக்கும் வீடு. வேலை போனால் வீடு போய்விடும். கணவர் லோரி விபத்தில் போன பிறகு, அந்த வேலையை வைத்துத்தான் அந்த வீட்டில் மகளோடு இருந்தாள். மகள் பள்ளிக் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவம், பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது; அவளை ராணி தன் அறையில் வைத்திருந்தாள்.

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. "வேலைக்கு லீவு சொன்னியா?" என்று கேட்டேன்.

"நான் எப்படிச் சொல்றது? போன் இருந்தா போலீசு கண்டுபிடிச்சிடும்னு சின்ன மாமா வாங்கி வெச்சிக்கிட்டாரு. ஆபீசு கிராணிகிட்ட அவரே சொல்லிட்டேன்னாரு."

நான் வெளியே வந்து தோட்டத்து அலுவலகத்துக்கு அழைத்து மானேஜரைக் கேட்டேன். இளைஞர், வெளியூரிலிருந்து வந்தவர். ஆனாலும் ஆட்கள் இன்னும் துரை என்றுதான் சொல்கிறார்கள். வசந்தியின் பெயரைச் சொன்னதும் அவர் வியந்தார். வசந்திதான் வேலையை விட்டுவிட்டு கோலாலம்பூருக்குப் போய்விட்டாரே, அவருடைய மாமாவே நேரில் வந்து சொன்னாரே என்றார். வீட்டைச் சீக்கிரம் காலி செய்து தருவதாகவும், மச்சாண்டாரின் மகனை அவள் இடத்தில் எடுத்துக்கொள்ளும்படியும் தலைவர் கேட்டிருக்கிறார். மறுப்பதற்குக் காரணம் இல்லை, அவர் அங்கே நெடுங்காலமாகப் பெரிய மனிதர் என்றார் மானேஜர்.

சாலையோரத்தில் நின்றுகொண்டே திட்டித் தீர்த்தேன். என்ன திட்டினேன் என்று எழுத முடியாது. ராணி என்னை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

புரிகிறதா? முடியைப் பிடித்து இழுத்து முடியாத காரியத்தை முன்ஜாமீன் என்ற ஒரு வார்த்தையை வைத்து முடித்திருக்கிறார்கள். அடித்து விரட்டியிருந்தால் அவள் போராடியிருப்பாள். "உன்னைக் காப்பாத்துறோம்" என்று சொன்னதால் தானே காரில் ஏறிப் போய் ஒளிந்துகொண்டாள். சொல்லாமல் கொள்ளாமல் வேலைக்கு வராதவரை வேலையை விட்டுவிட்டதாக முடித்துவிடலாம். வராத ஜாமீனுக்காக அவள் எத்தனை நாள் காத்திருக்கிறாளோ அத்தனை நாளும் வீடு கையை விட்டுப் போய்க்கொண்டிருக்கும்.

இந்த இடத்தில்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். அந்த நிமிடத்தில் எங்கே போவது? ராணி, "நேரா எஸ்டேட்டு ஆபீசுக்குப் போயிடலாம் லாயரம்மா, அக்கா போய் நின்னா போதும்" என்றாள். எனக்கும் அந்த ஆத்திரத்தில் அதுதான் தோன்றியது. ஆனால் அங்கே போனால் யாராவது போலீசுக்குச் சொல்வார்கள், ஆபீஸ் வாசலில் வைத்துப் பிடிப்பார்கள். ஓடிப்போனவளைப் பிடித்தோம் என்று ஆகிவிடும். கைத்தடமும் பதிவாகாமல் போய்விடும். முதலில் மருத்துவமனை, பிறகு பாலாய், வேலையைப் பற்றி அதற்குப் பிறகு என்று முடிவு செய்தேன்.

வசந்தி பதறினாள். "பாலாய்க்குப் போனா உள்ள வெச்சிடுவாங்க. உள்ள வெச்சா வேலைக்குப் போக முடியாது. வீடு போயிடும்."

"இங்க உக்காந்திருந்தாலும் நீ வேலைக்குப் போகலம்மா. இங்க ஒளிஞ்சிருந்து வேலைக்குப் போகாததுக்கு உன்கிட்ட சொல்ல ஒரு காரணமும் இல்ல. போலீசு பிடிச்சி வெச்சிருந்தா அது காரணம். வீடு நிக்குமான்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. ஆனா நாளைக்கே மானேஜர் முன்னால நின்னு பேசறதுக்கு எனக்கு ஒரு பிடி வேணும்."

அவள் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டு வந்து, "போலாம்" என்றாள்.

தோட்டத்துச் சரிவிலிருந்து கார் சாலைக்கு ஏறும் இடத்தில் தலைவருடைய கார் வழியை மறித்து நின்றது. யார் சொன்னார்களோ, வந்துவிட்டார்.

"லாயரம்மா, இது எங்க குடும்ப விசயம்லா. பாலாய், கோர்ட்டுன்னு பொம்பளப் புள்ளைய இழுத்துட்டுப் போனா குடும்ப மானம் என்னாவறது?"

"பொம்பளப் புள்ளைய முடியப் புடிச்சி இழுத்தப்ப எங்க போயிருந்துச்சி உங்க மானம்? நான் முன்ஜாமீன் போட்டிருக்கேன்னு சொன்னீங்களாமே? எந்தக் கோர்ட்டுல போட்டேன்? சொல்லுங்க, நானும் தெரிஞ்சிக்கிறேன்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. வசந்தியைப் பார்த்து, "உன் நல்லதுக்குத்தாம்மா சொன்னேன்" என்றார். குரலில் அவ்வளவு தேன்! இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

வசந்தி காரிலிருந்து இறங்கினாள். அவர் எதிரே போய் நின்று கையை நீட்டினாள்.

"மாமா, என் போனைக் குடுங்க."

அவர் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். பின்னால் ஒரு கோஸ் லோரி ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தது. காரை நகர்த்தினார்.

மருத்துவமனையில் டாக்டர் எல்லாத் தடங்களையும் பார்த்து எழுதினார். பாலாயில் வசந்தி தன் புகாரைச் சொல்லிவிட்டுத்தான் கைதானாள். விசாரணை இன்ஸ்பெக்டர் என்னிடம், "புவான், இவர் கோலாலம்பூருக்கு ஓடிவிட்டதாகக் குடும்பத்துப் பெரியவரே வந்து சொன்னார், நாங்கள் அங்கே தேடச் சொல்லியிருக்கிறோம்" என்றார். பாருங்கள், போலீசிடமும் அதே பொய். யாரையும் விட்டுவைக்கவில்லை அந்த மனிதர்.

மறுநாள் மாஜிஸ்திரேட் முன்னால் அந்தப் பொய்யே எங்களுக்கு எதிராக வந்து நின்றது. தலைமறைவாக இருந்தவர், வெளியே விட்டால் மறுபடி ஓடிவிடுவார், அதிக நாள் உள்ளே வைக்க வேண்டும் என்று போலீஸ் கேட்டது. ஓடியவள் தானே வந்து கதவைத் தட்டுவாளா என்று கேட்டேன். டாக்டர் எழுதியதைக் காட்டினேன். மாஜிஸ்திரேட் அவர்கள் கேட்டதைவிட நாட்களைக் குறைத்துக் கொடுத்தார். ஆனாலும் கொடுத்தார். முதல் நாளே வந்திருந்தால் அநேகமாக ஒரு ராத்திரியோடு முடிந்திருக்கும். காப்பாற்றுவதாகச் சொன்னவர்களால் அவள் கூடுதலாக உள்ளே இருந்தாள். கைவிலங்கோடு அவள் வேனில் ஏறியதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு அழுகை வரவில்லை. யாரையாவது அடிக்கவேண்டும் போல இருந்தது.

அன்று மாலையே மானேஜரைப் போய்ப் பார்த்தேன். வேலையை விடுவதாக அந்தப் பெண் உங்களிடம் சொன்னாளா என்று கேட்டேன். இல்லை என்றார். அப்படியானால் யாருடைய வேலையை யார் விட்டது என்றேன். அவர் நேர்மையானவர்தான், ஆனால் பயந்தவர். கோயில், யூனியன் எல்லாவற்றிலும் தலைவருக்குச் செல்வாக்கு. "என்னால் இப்போது எதுவும் சொல்ல முடியாது. அவர் வெளியே வந்ததும் காலைப் பெரட்டுக்கு வரிசையில் வந்து நிற்கட்டும், பார்க்கலாம்" என்று முடித்துக்கொண்டார். அதற்கு மேல் அவரை அசைக்க முடியவில்லை.

வசந்தியைப் போலீஸ் ஜாமீனில் விட்டார்கள். வழக்கு பிறகு இரண்டு பக்கமும் குற்றச்சாட்டு இல்லாமலே முடிந்தது. ஆனால் அன்றைக்கு அது யாருக்கும் தெரியாது. பாலாயிலிருந்து வெளியே வந்தவள் சாப்பிடக்கூட இல்லை. "நாளைக்குப் பெரட்டுக்கு என்னைக் கொண்டுபோய் விடுவீங்களா?" என்றுதான் கேட்டாள்.

உங்களுக்கு நான் சொல்வது இதுதான். கட்சிக்காரரைக் கண்ணால் பார்க்காமல் சொந்தக்காரரிடம் ஆலோசனை சொல்லாதீர்கள். நீங்கள் சொன்னது போய்ச் சேரும்போது வேறொன்றாகியிருக்கும். "முன்ஜாமீன் இல்லை" என்று சொல்லி அனுப்பினால் உங்கள் வேலை முடிந்துவிடாது. யாரைக் காப்பாற்றச் சொல்கிறார்களோ அவர் எங்கே இருக்கிறார், அவர் காணாமல் போனால் யாருக்கு லாபம் என்று கேளுங்கள். முகநூலில் "முன்ஜாமீனுக்கு அணுகவும்" என்று விளம்பரம் போடுகிற நம் தொழில்காரர்கள் சிலரை எனக்குத் தெரியும். அவர்களை எங்கேயாவது பார்த்தால் நான் கேட்டதாகச் சொல்லுங்கள், வெட்கமாக இல்லையா என்று.

வசந்தி வெளியே வந்த மறுநாள் விடிவதற்குள் நாங்கள் தோட்டத்தில் இருந்தோம். பெரட்டு என்றால் காலையில் ஆட்களை வரிசையாக நிற்கவைத்துப் பெயர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுப்பது. இப்போது வரிசையில் பங்களாதேஷ், நேப்பாளத்து ஆட்கள்தான் அதிகம். நம் ஆட்கள் ஒரு ஓரமாகக் கொஞ்சம் பேர். அங்கே மச்சாண்டாரின் மகன் புது ரப்பர் காலணி போட்டுக்கொண்டு நின்றான். தலைவர் தன் மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். மானேஜர் ஆபீஸ் படியில் நின்றார்.

வசந்தி போய்த் தன் வழக்கமான இடத்தில் நின்றாள். பக்கத்தில் நின்றவர்கள் விலகினார்கள். அவள் அசையவில்லை.

கிராணி பெயர்களைக் கூப்பிட்டார். ஒவ்வொருவராக "இருக்கேன்" என்றார்கள். நம் ஆட்களின் பெயர்கள் முடிந்தன. அவள் பெயர் வரவில்லை. கிராணி மச்சாண்டாரின் மகனுடைய பெயரைச் சொல்ல வாயைத் திறந்தார்.

"கிராணி, என்னைக் கூப்புடல" என்றாள் வசந்தி.

கிராணி தலைவரைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். "நீ வேலைய விட்டுட்டன்னு உங்க மாமா வந்து சொன்னாரேம்மா?"

"கொழுந்து வெட்டுறது நானு. விடறதா இருந்தா நான்தான் வந்து சொல்லணும். நான் சொல்லல. கூப்புடுங்க."

வரிசை முழுதும் திரும்பிப் பார்த்தது. நம் தமிழ் புரியாத ஆட்களும் பார்த்தார்கள். தலைவர் ஏதோ சொல்லப் போனார், மானேஜர் படியிலிருந்து கையைக் காட்டி அவரை நிறுத்தினார். கிராணியைப் பார்த்துத் தலையசைத்தார்.

கிராணி அவள் பெயரைக் கூப்பிட்டார்.

"இருக்கேன்" என்றாள் வசந்தி.